ஹெட்லைட் மங்குகிறதா? டைனமோவைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

திருச்சியிலிருந்து மதுரைக்கு இரவில் வந்துகொண்டிருந்தேன். விராலிமலை தாண்டியதும் எதிரே வண்டிகள் குறைந்துவிட்டன. அப்போதுதான் கவனித்தேன், என் காரின் வெளிச்சம் ரோட்டில் விழவே இல்லை. இரண்டு விளக்கும் எரிகின்றன, ஆனால் மஞ்சளாக, அகல்விளக்கு மாதிரி. ஏ.சி.யை அணைத்தால் கொஞ்சம் தெளிகிறது, போட்டால் மறுபடி மங்குகிறது. துவரங்குறிச்சி வரை ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த மூன்று மாதத்தில் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒரு கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். ஒரு மாதத்தில் அதே மங்கல். இன்னொரு கடையில் டைனமோ என்றார்கள் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குப் பட்டறையில் இன்னும் அந்தப் பெயர்தான்). கார்பன் பிரஷ், பேரிங் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக இருப்பது போலத் தோன்றியது, அப்புறம் பழைய கதை. கடைசியில் கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே போகும் ஒரு முழம் எர்த் பட்டைதான் (பேட்டரி மைனஸுக்கு மின்சாரம் திரும்பிப் போகும் தாமிரப் பின்னல்) குற்றவாளி. பட்டையின் விலை, நான் அதுவரை செலவழித்ததோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் இருபது நிமிடமும் போதுமாயிருந்தன.

ஆகவே கீழே வருவதெல்லாம் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. உங்கள் காரில் எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

மீட்டர் பிடிப்பதற்கு முன்

மீட்டரை 20 வோல்ட் டி.சி. (நேர்மின்சாரம்) அளவில் வையுங்கள். மலிவான மஞ்சள் மீட்டரே போதும். மோதிரம், கைச்சங்கிலி, இரும்பு ஸ்ட்ராப் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி பிளஸ்ஸும் பாடியும் மோதிரத்தின் வழியே தொட்டுக்கொண்டால் விரலைச் சுட்டே விடும். வேட்டி நுனி, துப்பட்டா, சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் பேன் எந்த நேரமும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஹைபிரிட் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே வேண்டாம், அது வேறு உலகம்.

இன்னொன்று. என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்லும் பழக்கம் இன்றும் சாலையோரத்தில் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் அது தப்பித்துக்கொண்டது. இன்றைய காரில் பேட்டரி விலகிய கணத்தில் மின்னழுத்தம் 40 வோல்ட்டுக்கு மேலும் எகிறலாம். இ.சி.யூ. (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போனால் அந்தச் சோதனையின் விலை டைனமோவைவிட அதிகம். யாராவது ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனால் தடுத்துவிடுங்கள்.

இப்போது அடிப்படை அளவுகள். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் பேட்டரியின் இரண்டு முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி வாருங்கள். பட்டினி கிடக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு எந்தச் சோதனை செய்தாலும் முடிவு குழப்பும். செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு 13.6 காட்டினால் பதற வேண்டாம். சூடு ஏறினால், டைனமோவின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே வேண்டுமென்று கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும்.

புதிய கார்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. மைனஸ் டெர்மினலிலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருந்தால், சார்ஜிங்கைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது என்று அர்த்தம். சீரான ஓட்டத்தில் 12.7 வரை இறக்கும், பிரேக் பிடிக்கும்போது 14.8 வரை ஏற்றும். அது கோளாறு இல்லை. ஹெட்லைட் போட்டதும் இத்தகைய கார்கள் பொதுவாக 13.5க்கு மேல் வந்து நின்றுவிடும். எனவே விளக்கைப் போட்டுக்கொண்டே அளங்கள்.

அதற்கும் முன் கண்ணாடி

இது மின்சாரமே இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) கண்ணாடி ஏழெட்டு வருட வெயிலில் மஞ்சளாகிப் புரை விழுந்த கண் மாதிரி ஆகிவிடும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளி நிறப் பூச்சு பல்புக்கு மேலே கருகி மங்கியிருக்கும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு நேராகக் குனிந்து பாருங்கள். உள்ளே பல்பின் கம்பிச்சுருள் தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஒயரிங்கைக் குடைந்து பயனில்லை. கண்ணாடியைத் தேய்த்துப் பாலிஷ் போடலாம். ரிஃப்ளெக்டர் போயிருந்தால் முழு லைட்டையும்தான் மாற்ற வேண்டும்.

எளிய அடையாளம்: மங்கல் எப்போதும் ஒரே அளவில் இருந்து, ரேஸ் கொடுத்தாலும் ஏ.சி. போட்டாலும் மாறவில்லை, ஒளியின் நிறமும் மஞ்சளாக மாறவில்லை என்றால் கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் ஹாலஜன் பல்பு மங்குவதோடு சிவந்தும் போகும்.

ஐடிலில் மங்கல், ரேஸ் கொடுத்தால் பளிச்

சிக்னலில் நிற்கும்போது விளக்கு சோர்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நிமிர்கிறது. கொஞ்சமாக இருந்தால் எல்லாப் பழைய கார்களுக்கும் உள்ளதுதான். 65 ஆம்பியர் என்று பெயர் போட்ட ஆல்டர்னேட்டர் ஐடிலில் அதில் பாதிதான் கொடுக்கும். லோ பீம் இரண்டும் 8 முதல் 9 ஆம்பியர், ஏ.சி. ப்ளோவர் முழு வேகத்தில் 10க்கு மேல், ரேடியேட்டர் பேன் இன்னொரு 10, இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் சேர்த்து இன்னொரு 10. கூட்டிப் பாருங்கள், மழையில் வைப்பரும் சேர்ந்தால் வரவைவிடச் செலவு அதிகம்.

மூன்று முறை அளங்கள். எல்லாவற்றையும் அணைத்து ஐடிலில் ஒன்று. ஹெட்லைட், ப்ளோவர், ஏ.சி. எல்லாம் போட்டு ஐடிலில் ஒன்று. அதே சுமையோடு 2000 ஆர்.பி.எம்.மில் ஒன்று. மூன்றும் பேட்டரி முனைகளில்தான்.

சுமையோடு ஐடிலில் 13.2 இருந்தால் விட்டுவிடுங்கள். 12.6க்குக் கீழே இறங்கி, 2000இல் 13.8க்கு ஏறினால் முதலில் ஐடில் வேகம் சரியா பாருங்கள். 750 முதல் 900 வரை இருக்க வேண்டிய இடத்தில் 600இல் நடுங்கிக்கொண்டிருந்தால், த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குக் காற்று நுழையும் வாய்) சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்தது பெல்ட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அல்லது குட்டை தண்ணீரில் இறங்கி ஏறியதும் கிரீச்சென்று கத்துகிறதா? பழைய வி-பெல்ட் என்றால் இரண்டு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் போனால் தளர்வு. உட்பக்கம் கண்ணாடி போல மினுமினுத்தால் இறுக்கினாலும் வழுக்கும், மாற்றிவிடுங்கள். தானியங்கி டென்ஷனர் உள்ள பட்டை பெல்ட்டில் இந்தக் கட்டைவிரல் சோதனை செல்லாது.

2000இலும் 13.5ஐத் தொடவில்லையா? உடனே டைனமோ மேல் பழி போடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். எர்த் பகுதிக்கு வாருங்கள், அங்கே ஒரு சோதனை இருக்கிறது.

டைனமோவே சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. சார்ஜ் ஏறாத நேரத்தில், என்ஜின் ஓடும்போது, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் டைனமோவின் பின்பக்கம் லேசாகத் தட்டுங்கள். உடனே 14க்குத் தாவினால் கார்பன் பிரஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஸ்லிப் ரிங் வளையத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பிரஷ் மட்டும் மாற்றினால் போதும், முழு டைனமோ வேண்டாம்.

ஏ.சி., பேன், ஹாரன் போடும்போது மட்டும் கண்சிமிட்டல்

ரேடியேட்டர் பேன் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ரெகுலேட்டர் சுதாரிக்க அரை நொடி ஆகும். அந்த அரை நொடிச் சிமிட்டல் இயல்பு. ஏ.சி. போட்டதும் மங்கி, மங்கியபடியே நின்றால் மேலே சொன்ன மூன்று அளவுகளுக்குப் போங்கள். முன்பெல்லாம் இல்லாத சிமிட்டல் இப்போது பலமாகத் தெரிந்தால் பேட்டரி கிழடாகிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். அந்த அரை நொடிப் பள்ளத்தை நிரப்ப வேண்டியது பேட்டரிதானே. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் உழைத்த பேட்டரி என்றால் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. டிக்கியில் பெரிய பாஸ் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு பாட்டின் தாளத்துக்கு ஹெட்லைட் ஆடுகிறது என்று வருபவர்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

பேட்டரியில் 14, விளக்கில் மங்கல்

ஹெட்லைட் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முடியும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேராகக் குறைவதில்லை, விழுந்தடித்துக் குறையும். அழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 16 சதவீதம் போகும். 10 சதவீதம் குறைந்தால் 30 சதவீதம். பேட்டரியில் 13.6 இருக்க, பல்பு முனைக்கு 12.2 வந்து சேர்ந்தால், வழியில் தொலைந்தது ஒன்றரை வோல்ட்கூட இல்லை, ஆனால் ரோட்டில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

எங்கே தொலைகிறது? பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்குள் நுழைந்து, ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சுக்குள் போய், டிம்-பிரைட் தொடுப்பைக் கடந்து, மறுபடி முன்பக்கம் வருகிறது. நாலைந்து மீட்டர் மெல்லிய ஒயர். முக்கால் சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் மீட்டருக்கு சுமார் 0.024 ஓம் தடை கொடுக்கும். ஐந்து மீட்டர், 9 ஆம்பியர்: ஒயரிலேயே ஒரு வோல்ட் போய்விட்டது. சுவிட்சின் கருகிய தொடுப்பும் பச்சை பூத்த கனெக்டரும் மிச்சத்தைத் தின்னும்.

இதைப் பிடிக்க ஒரே வழி, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளப்பது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் அழகாக 12.6 காட்டும். ஒயருக்குள் இருபது இழைகளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12.6தான் காட்டும். ஆள் நடமாட்டமே இல்லாத நேரத்தில் ஒற்றையடிப் பாதையும் நால்வழிச் சாலையும் ஒன்றுதான், லாரி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒயரிலும் அப்படித்தான், மின்சாரம் ஓடும்போதுதான் இழப்பு தெரியும்.

செய்முறை இது. என்ஜின் ஓடட்டும், லோ பீம் போடுங்கள். ஹோல்டரின் பின்பக்கம், ஒயர் நுழையும் இடத்தில் ஒரு மெல்லிய ஊசியையோ குண்டூசியையோ உலோகம் தொடும்வரை செருகுங்கள். ஒயரின் தோலைக் குத்திக் கிழிக்க வேண்டாம், மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியே தண்ணீர் ஏறித் தாமிரத்தைத் தின்றுவிடும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள், கறுப்பு முனையை அந்த ஊசியில். இப்போது மீட்டர் காட்டுவது பிளஸ் பக்கப் பாதையில் தொலைந்த வோல்ட்டை மட்டும். 0.3 என்றால் அருமை. 0.5 வரை பரவாயில்லை. 1க்கு மேல் என்றால் திருடன் இந்தப் பாதையில்தான் இருக்கிறான். இனி சிவப்பு முனையை அப்படியே விட்டுவிட்டு, கறுப்பு முனையைப் பேட்டரி நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ரிலேயின் (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வெளிமுனை, உள்முனை. எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. நல்ல இணைப்பு ஒன்று 0.1க்கு மேல் தின்னாது.

அதேபோல எர்த் பக்கம்: ஒரு முனை பல்பின் எர்த் ஒயரில், இன்னொரு முனை பேட்டரி மைனஸில். 0.2க்கு மேல் போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானிய வடிவமைப்பு கார்கள் சிலவற்றில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். ஹோல்டரின் பொது முனைக்கு நேராக 12 வோல்ட் வரும், லோ பீமும் ஹை பீமும் எர்த் வழியே முடிவது போல ஒயரிங். விளக்கை அணைத்துவிட்டு, பல்பு மாட்டியிருக்கும்போது அளந்தால் மூன்று முனையிலும் 12 காட்டும். பார்த்ததும் தலை சுற்றும். ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து ஒயரை வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

திருடன் சுவிட்சும் நீண்ட ஒயரும்தான் என்று தெரிந்தால் நிரந்தரத் தீர்வு ரிலே கிட். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் முனை. 87இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் இனி 86இல் மட்டும் வேலை செய்யும், 85 எர்த்துக்கு. மேலே சொன்ன எர்த் பக்க சுவிட்ச் உள்ள காரில் இந்த இணைப்பு மாறும், அதற்கென்று உள்ள கிட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். டாஷ்போர்டு சுவிட்ச் இதுவரை 9 ஆம்பியர் சுமந்தது, இனி ரிலேயின் சுருளுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவுதான். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கிட்டில் ஒயரின் வெளித்தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள். தோல் தடித்து, உள்ளே தாமிரம் முடி போல இருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள். எர்த் ஒயரும் அதே தடிமனில் புதிதாகப் போட வேண்டும். பிளஸ்ஸை நால்வழிச் சாலையாக்கிவிட்டு எர்த்தை மறந்தவர்கள் நிறையப் பேர்.

இந்த வேலையைச் செய்யாமல் "வெளிச்சம் போதவில்லை" என்று 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடுவதுதான் நம்மூர் வழக்கம். மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேல், அதே மெல்லிய ஒயரில். இழப்பும் அதே கணக்கில் ஏறும். ஒயரில் உண்டாகும் சூடோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெளிச்சம் ஏறுவது கொஞ்சம், ஹோல்டர் உருகுவது நிச்சயம்.

எர்த்: என் மூன்று மாதம் போன இடம்

என் காரில் சுமை எல்லாம் போட்டு, 2000 ஆர்.பி.எம்.மில், பேட்டரி முனையில் 12.55 காட்டியது. யாராக இருந்தாலும் டைனமோ செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். ஆனால் டைனமோவின் தடித்த ஒயர் முனைக்கும் அதன் உலோக உடம்புக்கும் நடுவே அளந்தபோது 14.1. அதாவது டைனமோ ஒழுங்காகத்தான் சமைத்துப் போடுகிறது, சோறு பந்திக்கு வந்து சேரவில்லை. ஒன்றரை வோல்ட் நடுவழியில் காணவில்லை.

டைனமோ முனையிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு 0.2. அது சரி. டைனமோ உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 1.35! இருக்க வேண்டியது 0.2க்குள். ஒரு முனையை மைனஸில் வைத்துக்கொண்டு இன்னொன்றை நகர்த்தினேன். பாடியில் வைத்தால் 0.05. என்ஜின் பிளாக்கில் வைத்தால் 1.3. பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே பாலம் இடிந்துபோயிருக்கிறது.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்னல் பட்டை பார்க்க முழுசாகத்தான் இருந்தது, மேலே கறுப்பு உறை வேறு. உறையை விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்றது. கத்தியால் கீறித் திறந்தால் உள்ளே தாமிரமே இல்லை, பச்சைப் பொடி. நாலைந்து இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் இன்னொரு விஷயம் புரிந்தது. சில மாதமாகவே காலையில் செல்ப் சோம்பலாக அடிக்கும், கிளட்ச் கேபிள் ஏனோ இறுக்கமாக இருக்கும். பட்டை போய்விட்டால் செல்ப் மோட்டாரின் மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், எது என்ஜினையும் பாடியையும் இணைக்கிறதோ அதன் வழியே பாயும். கேபிளின் உள்ளுறை வெந்துபோகும். செல்ப் அடித்த உடனே கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் மீட்டரே வேண்டாம். மெக்கானிக் கிளட்ச் கேபிளையும் ஒருமுறை மாற்றியிருந்தார், பாவம்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஜம்பர் கேபிள் ஒன்று போதும். ஒரு முனையை என்ஜினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் கடிக்கவிடுங்கள், இன்னொன்றைப் பாடியின் போல்ட்டில். எனக்கு அந்தக் கணமே பேட்டரியில் 13.8 வந்தது, கராஜ் சுவரில் விழுந்த வெளிச்சம் வெள்ளையாக மாறியது.

புதுப் பட்டை போடும்போது பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். பெயிண்ட் மேலேயே இறுக்கினால் புதுப் பட்டையும் பழையதைப் போலத்தான் நடந்துகொள்ளும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றுங்கள், நுரைத்து அடங்கும். சோடா பேட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல்

இது வந்தால் சந்தோஷப்படலாம். பேட்டரி, டைனமோ, பெல்ட் எல்லாம் நிரபராதி. இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் பல்போடு போனால் பல்பு. அங்கேயே நின்றால் அந்தப் பக்கத்து ஹோல்டர் அல்லது எர்த். ஹோல்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உருகிய பிளாஸ்டிக் வாடையும், ஒரு முனையைச் சுற்றிப் பழுப்பு நிறமும் இருந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். பீங்கான் ஹோல்டர் கிடைத்தால் நல்லது.

எர்த் போனதற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து ஹெட்லைட்டும் தாளத்துக்கு மங்குகிறது, அல்லது ஹை பீம் போட்டதும் பார்க்கிங் பல்பு அரைகுறையாக எரிகிறது. எர்த் இல்லாத மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியே வெளியேறப் பார்க்கிறது. அந்த மூலையில் எர்த் போல்ட்டைத் தேடுங்கள், பம்பருக்குப் பின்னால் துருவோடு இருக்கும். ஒருமுறை சின்ன விபத்தாகி டிங்கரிங், பெயிண்டிங் பார்த்த கார் என்றால், போல்ட்டுக்கு அடியில் புத்தம் புதிய பெயிண்ட் இருக்கும்.

ஒரே வேகத்திலும் துடிக்கிறது

லூஸ் கான்டாக்ட் ஒழுங்கில்லாமல் துடிக்கும், பள்ளத்தில் விழும்போது அதிகமாகும். பேட்டரி கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. துடிப்பு ஒழுங்காக, என்ஜின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் ஆல்டர்னேட்டருக்குள், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டையோடு போயிருக்கலாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் அளங்கள் (இங்கே ஏ.சி. என்றால் மாறுமின்சாரம், குளிரூட்டி இல்லை). 0.1க்குள் நல்லது, 0.5க்கு மேல் டையோடு. ஆனால் மலிவான மஞ்சள் மீட்டர்களை இதற்கு நம்பாதீர்கள். பல மீட்டர்கள் அந்த அளவில் டி.சி.யையே தப்பாகப் புரிந்துகொண்டு 28, 30 என்று உளறும். டையோடு ஒன்று போனால் இரவில் நிறுத்திய வண்டியின் பேட்டரி தானாக இறங்கவும் செய்யும்.

கம்பெனி ஹாலஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டிய பிறகு துடித்தால் காரில் கோளாறு இல்லை. சில கார்கள் பல்புக்குத் துண்டுதுண்டாக வெட்டிய மின்சாரம் கொடுக்கும். ஹாலஜனின் சூடான இழைக்கு அது தெரியாது, எல்.இ.டி.க்குத் தெரியும். ஹாலஜனுக்கென்று வார்த்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. போட்டு எதிரே வருபவனின் கண்ணைப் பறிப்பதைவிட, அந்தப் பணத்தில் ரிலேயும் ஒயரும் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

மங்கவில்லை, ஆனால் பல்பு அடிக்கடி போகிறது

15 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறதா பாருங்கள். அழுத்தம் 5 சதவீதம் கூடினால் ஹாலஜனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ரெகுலேட்டர் கோளாறு இது. பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைவதும் அழுகிய முட்டை வாடையும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14.2தான் இருக்கிறது, ஆனாலும் பல்பு போகிறது என்றால், மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டிருப்பீர்கள்.

ஓட்டும்போதே மெல்ல மெல்ல மங்குகிறது, பேட்டரி விளக்கு எரிகிறது

சார்ஜ் நின்றுவிட்டது. இப்போது பேட்டரியில் இருப்பதுதான் கையிருப்பு. முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் முள் ஏறும், ஸ்டீயரிங்கும் கனக்கலாம். அப்படியென்றால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள், இனி ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

முள் அசையவில்லை என்றால் கொஞ்ச தூரம் போகலாம். 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து ஹெட்லைட்டும் என்ஜினும் சேர்ந்து சுமார் 20 ஆம்பியர் எடுக்கும். கணக்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வரும், நடைமுறையில் ஒரு மணி நேரமே அதிர்ஷ்டம், பழைய பேட்டரிக்கு அரை மணி. ஏ.சி., ப்ளோவர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். லோ பீமிலேயே ஓட்டுங்கள். பவர் விண்டோவைத் தொடாதீர்கள், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள், பிரேக் விளக்கும் மின்சாரம்தான். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் என்ஜினை அணைக்காதீர்கள், மறுபடி செல்ப் அடிக்க மிச்சம் இருக்காது. அலாரம் போல விளக்குகள் ஒவ்வொன்றாக டாஷ்போர்டில் எரிய ஆரம்பித்தால் இன்னும் சில நிமிடங்கள்தான். வெளிச்சமான பெட்ரோல் பங்க் ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே ஒதுங்கிவிடுங்கள், அடுத்தது எத்தனை கிலோமீட்டரில் என்று யோசிக்க வேண்டாம்.